துண்டுக்கடியில்

“அண்ணாச்சி, ஒங்க வீடு போவுது” என்று நுங்குக்காரி சொன்னபோது சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பேரத்தின் நடுவில் எதிராளியின் முகத்தைத் திருப்ப வைக்கிற வேலை என்றே நினைத்தார். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் எத்தனை பேர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், உன் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, உன் மாமனார் வந்து நிற்கிறார் பார் என்று, எதற்கும் அசையாத கழுத்து அது. நுங்குக்காரி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபோதுதான் இது காசுக்காக வருகிற சிரிப்பு இல்லை என்று உறைத்தது. திரும்பினால், ஆமாம், வீடு போய்க்கொண்டிருந்தது. ரோட்டோரச் சரிவில் கடலைப் பார்த்து அவர் நிறுத்திவிட்டு இறங்கிய வேன், உள்ளே அடுப்பும் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் டீ போட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டியுமாக, ஒரு அவசரமும் இல்லாமல், பனைகளுக்கு நடுவே தேர் மாதிரி ஆடி அசைந்து இறங்கி, காய்ந்த மணலைத் தாண்டி, ஈர மணலில் முன்சக்கரங்களைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஓடினார். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. ஓடும்போதே திட்ட ஆரம்பித்துவிட்டார், ரோட்டைப் போட்டவனை, சரிவை வைத்தவனை, இந்த வண்டியை கேரவனாக மாற்றி ஒரே மாதத்தில் சலித்துப்போய் அவரிடம் தள்ளிவிட்ட கோயமுத்தூர் இன்ஜினியர் பையனை. தெய்வாத்தாள் சன்னல் வழியாகத் தலையை நீட்டியபோது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த அந்த நொடியிலேயே, மூச்சு வாங்கக்கூட நேரம் எடுக்காமல், அவர் வாய் அவரைக் கேட்காமலே சொன்னது: “கை பிரேக்கு ஒயரு அந்துபோச்சு அம்மிணி.” அவள் பதில் சொல்லவில்லை. அதுதான் இப்போது வரைக்கும் காலில் குத்திய முள் மாதிரி நடக்க நடக்க வலிக்கிறது, அவள் பதில் சொல்லவில்லை என்பது.

வெயில் சாய்ந்து, கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியிருந்தது. சென்னியப்பன் வண்டிக்குப் பின்னால் இடுப்பளவு உயரமிருந்த ஒரு மணல் திட்டில் நின்றார், நின்ற விதத்தைப் பார்த்தால் இந்தக் கடற்கரையை விலைக்குக் கேட்க வந்தவர் மாதிரி இருக்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். தேவை இருப்பதைக் காட்டிவிட்டால் வியாபாரம் அங்கேயே முடிந்தது. இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அடி கொடுத்த பாடம், முதன்முதலாக ஒரு ஜோடிக் காளையை வாங்கித் தரப் போனபோது, இவர் முகத்தில் ஆசை தெரிந்துவிட்டது என்று தரகு பார்த்துக்கொண்டிருந்த பழனிக்கவுண்டர் சந்தை நடுவில் வைத்து அவர் காதைப் பிடித்துத் திருகினார், அந்தக் காது இன்னமும் மழைக்காலத்தில் சுடும். காது சுடும், சுடுவது தெரிகிறது, அப்படியென்றால் காது நன்றாக இருக்கிறது. சரி, அந்தப் பக்கம் போக வேண்டாம். டிராக்டர்காரன் வருவான். வராமல் எங்கே போவான். தொம்மை என்று பேர் சொன்னான், படகுகளைக் கரைக்கு இழுக்கிற டிராக்டர் அவனுடையது, கறுத்து வளர்ந்த ஆள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான், சினிமாக்காரங்க வண்டியா அண்ணாச்சி, உள்ள நடிகை யாரும் இருக்காவளா என்று கேட்டான், சன்னலில் தெய்வாத்தாளைப் பார்த்துவிட்டு வணக்கம் வைத்தான். இழுத்து விடுவதற்கு ஒரு தொகை சொன்னான். நியாயமான தொகைதான். நியாயமான தொகை என்பதுதான் சென்னியப்பனுக்குச் சந்தேகம், முதல் பேச்சிலேயே நியாயம் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான். பாதி சொன்னார். தொம்மை சிரித்தான். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேண்டாமப்பா, நீ போ, நான் ஆள் வைத்துத் தள்ளிக்கொள்கிறேன் என்று திரும்பி நடந்தார். சந்தையில் இது பாதிப் பேரம், திரும்பி நடக்கிற முதுகைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள், பத்தடி போவதற்குள் ஏனுங்கண்ணா என்ற குரல் வரும், வராத நாளே கிடையாது. இங்கே வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது தொம்மை படகுகளுக்கு நடுவே தூரமாகப் போய்க்கொண்டிருந்தான், இவர் சொன்னதை அப்படியே சொன்னதாக எடுத்துக்கொண்டு. என்ன ஊர் இது. போ என்றால் போய்விடுகிற ஊர். வருவான். முதுகிலேயே தெரிந்தது, வருகிற முதுகு அது.

அலை ஒன்று முன்சக்கரத்தை நக்கிவிட்டுத் திரும்பியது. இதற்கு முன்னால் வந்தது சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது, அப்படியென்றால் கடல் ஏறுகிறது, சக்கரத்தைச் சுற்றி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுக்கிறது, அதற்குப் பேரமே தெரியாது, வந்து எடுத்துக்கொண்டு போகிறது. சென்னியப்பன் இடது கையைத் துண்டின் மடிப்புக்குள் இன்னும் நன்றாகச் செருகிக்கொண்டார். துண்டுக்குள் கை இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், மாட்டுத் தரகன் கை துண்டுக்குள்தானே இருக்கும். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, சுற்றி நிற்கிற நூறு காதுக்கு அது தெரியக்கூடாது, வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்கடியில் சேர்ந்திருக்கும், எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அது விலை, சுண்டினால் வேண்டாம், அழுத்தினால் சரி. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்கப்புறம் ஒரு சொல் கூடவோ குறையவோ சொல்கிறவன் மனுசனே இல்லை. மாட்டை விட்டு லாரித் தரகுக்கு வந்த பிறகும் அவர் துண்டை விடவில்லை, சேலத்திலும் நாமக்கல்லிலும் பேன்ட் போட்ட ஆட்களெல்லாம் அவர் துண்டுக்குள் கையை விட்டுச் சிரித்துக்கொண்டே விலை பேசியிருக்கிறார்கள். அந்தக் கை. இடது கைதான் அவருக்குப் பேசுகிற கை. எதிராளியின் விரல் லேசாக வியர்ப்பது, பொய் சொல்கிறவனின் நாடி கட்டைவிரல் அடியில் துடிப்பது, எல்லாம் அதற்குத் தெரியும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதற்குத் தெரியும். தெரிந்தது. மாசி மாதம் ஒரு நாள் காலையில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், ஏதோ தோல் கருகுகிற மாதிரி வாசம் வந்தது, எங்கேயோ கோழி வாட்டுகிறார்கள் என்று நினைத்தார், டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தால் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் தன் விரல் நுனி வெந்து கொப்பளித்திருக்கிறது. வலிக்கவில்லை. வலிக்காதது எவ்வளவு பெரிய சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணன் நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தான், முதலில் விரல், பிறகு வாய் ஒரு பக்கமாக, பிறகு கட்டில், கட்டிலில் கிடந்து வருகிறவர்களை எல்லாம் ஒரே கண்ணால் பார்த்தான், இவர் போய் நின்றபோது அந்தக் கண் இவர் கையைத்தான் பார்த்தது. இல்லை, அது வேறு. அவன் குடிப்பான். இது வேறு. இது நரம்பு, தூங்கும்போது கையை மடக்கிப் போட்டிருப்பேன், கடல் காற்று பட்டால் சரியாகிவிடும், அதற்காகத்தானே இந்தப் பயணமே, அதற்காக இல்லை, தெய்வாத்தாளுக்குக் கடல் காட்டுகிறேன் என்று கல்யாணத்தன்று சொன்ன வாக்கு, ஆமாம் அதற்காக.

நொண்டி மாட்டை விற்கிறவன் அதைச் சரிவில்தான் நிறுத்துவான். ஊனக்கால் மேட்டுப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினால் நிற்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது, உடம்பு நேராக இருக்கும், வாங்க வருகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், வாலைத் தூக்கிப் பார்ப்பான். சென்னியப்பனிடம் அது பலிக்காது, அவர் வந்ததும் வராததுமாகக் கயிற்றைப் பிடித்துச் சமதரைக்கு நடத்திக்கொண்டு வருவார், நாலு எட்டு வைக்கும்போது தெரிந்துவிடும், விற்க வந்தவன் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். இத்தனை நாளாக அவரும் சரிவில்தான் நின்றுகொண்டிருக்கிறார். டம்ளரை வலது கையால் வாங்குகிறார். சட்டைப் பொத்தானைக் கழற்றாமலே தலை வழியாகப் போட்டுக்கொள்கிறார். ஸ்டியரிங்கில் இடது கையைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார். கியர் மாற்றும்போது கை கியரில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார், ஒரு தடவை திருச்செந்தூருக்கு முன்னால் தெய்வாத்தாள், ஏனுங்க, கீழ என்ன தேடறீங்க என்று கேட்டாள், எலி சத்தம் கேட்டுச்சு என்றார். எலி. நாற்பது மைல் வேகத்தில் எலி. அவள் சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது, அப்போது அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், கடலைப் பார்க்கிறாள் என்று நினைத்தார், அந்த இடத்தில் கடல் இல்லை, உடைமரக் காடுதான். இன்றைக்கும் பிரேக்கைப் பிடித்து இழுத்தார், இழுத்ததாகத்தான் நினைத்தார், தோள் இழுத்தது, முழங்கை இழுத்தது, விரல் பிடித்ததா என்று யாரைக் கேட்பது. வழக்கமாக கியரில் போட்டு நிறுத்துகிறவர், அதையும் மறந்தார், நுங்குக்காரி சொன்ன விலை காதில் விழுந்ததும் இரத்தம் ஏறிவிட்டது, பாதி விலைக்கு வாங்கிக் காட்டுகிறேன் என்று குதித்து இறங்கிவிட்டார். வண்டி மணலில் நின்ற பிறகு நுங்குக்காரி அந்த விலைக்கே கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கியும் காட்டினார். அதோ பனையோலையில் கட்டின நுங்கு மணலில் கிடக்கிறது, வெற்றி.

அலை இப்போது வண்டிக்கு அடியில் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. அவர் திட்டிலிருந்து இறங்கி, தண்ணீரில் கால் வைத்து, டிரைவர் பக்கச் சன்னலுக்குப் போனார். அவளை இறக்கிவிட வேண்டும், அதைக் கோபமாகச் சொன்னால்தான் கேட்பாள் என்று தொண்டையைத் தயார் செய்துகொண்டு போனவர், உள்ளே பார்த்ததும் நின்றுவிட்டார். கை பிரேக் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. வயர் அறுந்த பிரேக் அப்படி நிற்காது, துவண்டு கிடக்கும். யாரோ தன் முழு பலத்தையும் போட்டு, கடைசிப் பல் வரைக்கும் இழுத்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. வண்டி உருள ஆரம்பித்ததும் கொதிக்கிற டீயைப் போட்டுவிட்டு முன்னால் ஓடி வந்து இழுத்திருக்கிறாள், அதனால்தான் சக்கரம் இந்த மட்டோடு நின்றது, இல்லாவிட்டால் வண்டி மூக்கு இன்னேரம் கடலுக்குள். அவர் ஒயர் அந்துபோச்சு என்று சொன்னபோது அவள் உள்ளங்கையில் அந்த இழுப்பின் சிவப்பு இருந்திருக்கும். தெரிந்தும் பேசவில்லை. இவள் எங்கே கற்றாள் இதை, எதிராளி பொய்யைச் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சும்மா இருப்பதை. தெய்வாத்தாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், டீக்கறை பட்ட புடவையைக் காற்றில் உலர்த்திக்கொண்டு.

“எறங்கு அம்மிணி. தண்ணி ஏறுது.”

“ஏறட்டுங்க.”

“வெளையாடாத. வண்டி போனாப் போவுது, எறங்கு.”

“பிரேக்கு ஏன் புடிக்கலைன்னு சொல்லுங்க. எறங்கறேன்.”

ஒயரு என்று ஆரம்பித்தவர், அவளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற அந்தக் கம்பியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவசரமே இல்லாத முகம், இந்த முகத்தைச் சந்தையில் கண்டால் அவர் ஒதுங்கிப் போயிருப்பார். ஒரு அலை வந்து அவர் முழங்காலை அடித்தது. இறங்காமல் உட்கார்ந்திருப்பதும் திரும்பி நடக்கிறதும் ஒன்றுதான், அவர் பத்தடி நடந்து காட்டுவார், இவள் நடக்காமலே காட்டுகிறாள். கோபம் வந்தது, நல்ல கோபம், கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேறெதுவும் நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் பால் சொசைட்டி வேனை ஓட்டினவள் இவள், கவுண்டிச்சி வேன் ஓட்டுகிறாள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது, இவர் லாரித் தரகில் நாலு காசு பார்த்ததும் என் பெண்டாட்டிக்கு என்ன தலையெழுத்து என்று சாவியைப் பிடுங்கி வைத்தார், அன்றைக்கும் அவள் பேசவில்லை. அந்தப் பேசாததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. இவளிடம் சொன்னால் என்ன ஆகும். நாளைக்கே கோயமுத்தூர், ஆஸ்பத்திரி, மெசின், நாச்சிமுத்து மாதிரி கட்டில், கஞ்சியை ஊட்டிவிடுவாள், வாயை வலது பக்கம் திருப்புங்க என்பாள், சந்தைக்காரர்கள் பார்க்க வருவார்கள், வந்து கையைத்தான் பார்ப்பார்கள். மாட்டுக் கயிறு அவர் கையில் இருக்காது, அவர் கழுத்தில் இருக்கும். அதைவிட வண்டி கடலுக்குள் போகலாம். இவள் உள்ளே இருக்கிறாளே.

டுப்டுப் என்று சத்தம் கேட்டது. படகுகளுக்கு நடுவிலிருந்து டிராக்டர் வந்துகொண்டிருந்தது, மேலே தொம்மை. சென்னியப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பார்த்தாயா, வராமல் எங்கே போவான், முதுகைப் பார்த்தே சொன்னேன் இல்லையா. முகத்தைச் சரிசெய்துகொண்டு, என்னப்பா, நான் சொன்ன விலைக்கு மனசு வந்துவிட்டதா என்று கேட்டார். தொம்மைக்கு அது விளங்கவில்லை. “டீசல் அடிக்கப் போனேன் அண்ணாச்சி” என்றான். “நீங்க போவச் சொன்னா? பொம்பளயாளு உள்ள இருக்கயில எவன் போவான்.” விலையைப் பற்றி அவன் மறுபடி பேசவே இல்லை, வண்டியின் பின்பக்கம் வடத்தை மாட்டினான், தண்ணீரில் குனிந்து இழுத்துப் பார்த்தான், பிறகு டிராக்டரில் ஏறி, நான் இழுக்கும்போது யாராவது ஸ்டியரிங்கில் இருந்து கை பிரேக்கை எடுக்க வேண்டும், தாமதிக்க வேண்டாம், பெரிய அலை வருகிறது என்று கத்தினான். சென்னியப்பன் பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறினார். உள்ளே தரையெல்லாம் டீயும் சர்க்கரையும். அவர் இடது கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

“நகுரு. நா எடுக்கறேன் பிரேக்க.”

அவள் நகரவில்லை. அவருடைய துண்டின் தொங்கின முனையைப் பிடித்து இழுத்து, அவர் கைக்கு மேலும் தன் மடிக்கு மேலுமாக விரித்துப் போட்டாள். “வெலை பேசலாம், உக்காருங்க” என்றாள். டிராக்டர் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் என்ன இது என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். “நான் புடிக்கற புடிப்புல நான் கேக்கற வெலை என்னன்னு சொல்லிப்போட்டீங்கன்னா, நான் வாயே தொறக்க மாட்டேன். வண்டியையும் நீங்களே ஓட்டுங்க. சொல்லாட்டி நான் கேட்டதக் குடுத்தரோணும்.” ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், துண்டை விரித்த பிறகு எழுந்து போகிறவன் தரகனில்லை. அவள் கை துண்டுக்குள் போயிற்று. சென்னியப்பன் காத்திருந்தார். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சு மூட்டைக்குள் கையை விட்ட மாதிரி, யாருடையதோ ஒரு கை தூரத்தில் கிடந்தது. பரவாயில்லை, கை இல்லாவிட்டால் கண் இருக்கிறது, ஆயிரம் முகம் படித்த கண், கூட்டிக் கேட்கிறவனுக்குப் புருவம் ஏறும், குறைத்துக் கேட்கிறவனுக்கு உதடு இறங்கும். அவள் முகத்தைப் படித்தார். தோள்பட்டை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, இழுப்பு இல்லை, அவசரம் இல்லை, மூச்சு சீராக இருந்தது, சின்னதாகத்தான் கேட்கிறாள், இரண்டு விரலைத்தான் பிடித்திருக்கிறாள், ஒரு வேகத்தில் மூன்று என்று காட்டினாலும் கடைசியில் இரண்டுக்கு வருவாள். இதில் அவர் தோற்றதே கிடையாது.

“ரெண்டு வெரலு” என்றார், சந்தைக் குரலில், சந்தேகமே இல்லாமல்.

தெய்வாத்தாள் துண்டை எடுத்தாள்.

அவளுடைய இரண்டு கைகளும் அவர் கையை முழுதாகப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுக்கும்படி, தண்ணீரில் போகிறவனைப் பிடிக்கிற பிடி. அவள் நகம் ஒன்று அவர் தோலில் பதிந்து இரத்தம் புள்ளியாக வந்திருந்தது. சென்னியப்பன் அந்தப் புள்ளியைப் பார்த்தார், அது அவருடையது என்று தெரிந்தது, பார்த்ததால்தான் தெரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

“நாகர்கோயில்ல ஆஸ்பத்திரி. இன்னைக்கே” என்றாள்.

கன்னியாகுமரியைப் பார்த்துவிட்டு, சூரியன் மறைகிறதை மட்டும் பார்த்துவிட்டு, நாளைக்குக் காலையில், ஊரில் போய்க் காட்டிக்கொள்ளலாம், தெரிந்த வைத்தியர் ஒருத்தர், எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாக்குக்கு வந்து வரிசையில் நின்றன. துண்டை எடுத்தாகிவிட்டது. வலது கையால் அதை வாங்கி உதறி, தோளில் போட்டுக்கொண்டார், பேச்சு முடிந்தது என்பதற்குச் சந்தையில் அதுதான் அடையாளம். அவள் அவர் கையை அவர் மடியில் வைத்துவிட்டு முன்னால் திரும்பினாள். சாவி, கிளட்ச், எல்லாம் அவளுக்கு நேற்று விட்ட இடம் மாதிரி இருந்தன. பொத்தானை அழுத்திக் கை பிரேக்கை இறக்கினாள், தொம்மைக்குச் சன்னல் வழியாகக் கையைக் காட்டினாள், வடம் விறைத்தது, வண்டி ஒரு தடவை முனகிப் பின்னால் அசைந்தது. பெரிய அலை வந்து சேர்ந்தபோது சக்கரம் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்தான் இருந்தன.

வண்டி பின்னாலேயே மேடேறும்போது அவருக்கு உடம்பு முன்னால் சாய்ந்தது. சரி, டாக்டரென்ன, அவனும் ஒரு விலை சொல்வான், முதல் பேச்சை நம்பக் கூடாது, எத்தனை விரல் போகும், எத்தனை விரல் வரும், அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி நடக்கிற மாதிரி நடந்தால், இல்லை, அவனிடம் திரும்பி நடக்க வேண்டாம், இந்தப் பக்கத்து ஆட்கள் போ என்றால் போய்விடுகிறார்கள், அவனிடம் உட்கார்ந்தே பேசலாம், உட்கார்ந்து பேசி ஜெயிக்காத வியாபாரம் உண்டா. பனைகள் கீழே இறங்கின. நுங்குக்காரி எழுந்து நின்று கையைத் தட்டினாள். தொம்மை வடத்தைக் கழற்றிவிட்டு, அவன் முதலில் சொன்ன தொகையை ஒரு ரூபாயும் குறைக்காமல் வாங்கிக்கொண்டு, அம்மா நல்லா ஓட்டுதாவ என்று அவரிடம் சொன்னான். பால் வண்டி ஓட்டினவள் என்று சென்னியப்பன் பதில் சொன்னார், தானே ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் மாதிரி. டயர் தார் ரோட்டைத் தொட்டதும் வண்டியின் ஆட்டம் நின்றது. மடியில் கிடந்த கையைத் துண்டுக்குள் செருகப் போனார். போகிற வழியில் நிறுத்திக்கொண்டார். சன்னல் வெயிலில், எல்லோரும் பார்க்கட்டும் என்று, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முழங்கால் மேல் வைத்தார். சமதரை வந்துவிட்டது.